மூணு எண்ணுங்க டீச்சர்!

கேள்வி கேட்டுவிட்டு டீச்சர் பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பார்? சராசரியாக ஒரே வினாடிதான் சார்! (எங்க மேனேஜர் அதுகூட இல்லை.) 1970-களில் அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அம்மையார் வகுப்புகளை டேப்பில் பதிந்து கண்டது இது. அதையே மூன்று வினாடியாக்கினால் பதில்கள் நீள்கின்றன, 'தெரியாது' குறைகிறது, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள்.

பயிற்சியில் இதைக் கேட்டுவந்த என் அக்கா, ஐந்தாம் வகுப்பு டீச்சர், தன் பாடத்தை செல்போனில் பதிந்து கேட்டாள். கேள்வியும் அவளே, பதிலும் அவளே! மறுநாளிலிருந்து மனசுக்குள் ஒண்ணு, ரெண்டு, மூணு. சும்மா நிற்பது ரொம்பக் கஷ்டமாம்.

நாலாம் நாள், இலை பச்சையத்தால் உணவு தயாரிக்கிற பாடம். 'மக்கு' பட்டியலில் இருந்த கடைசி பெஞ்சுப் பெண், ஜூனிலிருந்து வாயே திறக்காதவள், எழுந்தாள்.

"அப்ப சிவப்புக் கீரை எப்படி டீச்சர் சாப்பிடும்?"

அக்காவுக்கு மூணு வினாடி போதவில்லை.