படுத்துக் கிடந்த கார் எழுந்த கதை

"அடுப்படி விஷயம் எழுதினா சரி. காரைப் பத்தி நீ என்னத்தை எழுதப் போறே?" என்று கேட்டுச் சிரித்தார் என் வீட்டுக்காரர். சகோதரிகளே, எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனாலும் எங்கள் வீட்டுக் காருக்கு வந்த வியாதியைக் கண்டுபிடித்ததில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. அதனால்தான் துணிந்து எழுதுகிறேன்.

மாமனார் விட்டுப்போன சொத்துக்களில் ஒன்று, பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார். சென்னையில் தயாரானது. இரண்டே கதவு. பானெட் முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். மாமனார் வாலிபத்தில் பின்சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, இந்தக் காரைச் சோழவரம் பந்தயத்துக்கு ஓட்டிக்கொண்டு போனவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையில்தான் அந்தப் பந்தயங்கள் நடக்குமாம். கோயமுத்தூரில் எங்கள் தெருவே அதை 'ரேஸ் காரு' என்றுதான் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மருதமலைக்கு எங்களை அதில்தான் அழைத்துப் போவார் இவர்.

2022 ஆவணியில் இவருக்கு மாரடைப்பு வந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து டாக்டர், "நல்லா நடங்க, வண்டி ஓட்டுங்க, ஒண்ணும் ஆகாது" என்று தைரியம் சொல்லித்தான் அனுப்பினார். இவருக்குத்தான் பயம் போகவில்லை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சாய்வு நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். காரும் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் படுத்துவிட்டது. இரண்டரை வருஷம் இருவருக்கும் ஓய்வுதான்.

2025 பொங்கலுக்கு வந்த நாத்தனார் மகன், "மாமா, காரை எடுக்கலாம் வாங்க" என்று பிடிவாதம் பிடித்தான். புது பேட்டரி போட்டு, டாங்கில் இருந்த பழைய பெட்ரோலோடு இன்னும் ஐந்து லிட்டர் ஊற்றினான். இருமி இருமி ஸ்டார்ட் ஆனது. ஆனால் சாலைக்கு வந்தால் இழுவையே இல்லை. நாற்பது கிலோ மீட்டர் வேகம் தாண்டவில்லை. சின்ன மேட்டில் திணறி நின்றுவிட்டது.

பக்கத்து மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "என்ஜின் போச்சுங்க. இறக்கி ரீபோர் பண்ணணும். அறுபதாயிரம் ஆகும்" என்றார்.

இவர் முகம் வாடிவிட்டது. "அதுக்கும் வயசாயிடுச்சு, எனக்கும் வயசாயிடுச்சு. பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடலாம்" என்றார். அடுத்த ஞாயிறு வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி ஒருவரிடம் விலையும் பேசிவிட்டார். காரைவிட அந்த வார்த்தைதான் எனக்குச் சுருக்கென்றது. அப்பா ஓட்டிய காரை விற்றுவிட்டால் இவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார் என்று பட்டது.

"ஏனுங்க, ஒரு வாரம் பொறுங்க" என்று கெஞ்சினேன். மாமனார் காலத்தில் இந்தக் காரைப் பார்த்துக்கொண்ட பெரிய மேஸ்திரி சிங்காநல்லூரில் இருந்தார். எழுபது வயசைத் தாண்டியவர். ஆள் அனுப்பி வரவழைத்தேன்.

"என்ஜின் போச்சுன்னு சொல்றாங்களுங்க மேஸ்திரி."

"அளந்து பார்த்தாங்களா அம்மிணி?"

அந்த ஒரு கேள்வியிலேயே எனக்குப் பாதி தெம்பு வந்தது. அவர் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு மீட்டரைச் சொருகி, என்ஜினைச் சுற்றவிட்டு அழுத்தம் பார்த்தார். நான்கும் ஏறக்குறைய 120 காட்டின. "நாலும் ஒண்ணுபோல இருக்குது. என்ஜினுக்குக் கேடில்லை. நோவு வேற இடத்திலே" என்றார்.

பிறகு டாங்கில் இருந்த பெட்ரோலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தார். டீத்தண்ணீர் நிறம், வார்னிஷ் நாற்றம், அடியில் கலங்கலாக ஒரு அடுக்கு. பெட்ரோல் மாதக்கணக்கில் கிடந்தால் அதன் லேசான பகுதி ஆவியாகிப் போய்விடுமாம்; மிச்சம் பிசின் மாதிரி ஆகிவிடுமாம். இப்போதெல்லாம் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பழைய வண்டிகளின் ரப்பர் குழாயையும் அரிக்கும். கார்புரேட்டரைப் பிரித்தால், கண்ணுக்குத் தெரியாத அந்தச் சின்னத் துளையில் பிசின் அடைத்திருந்தது. கேஸ் அடுப்பு பர்னரில் பால் பொங்கி அடைத்துக்கொண்டால் தீ எப்படி எரியும்? அந்தக் கதைதான்.

ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்ததும் நான் "ஐயையோ!" என்று கத்திவிட்டேன். உள்ளே எலிக்கூடு! கடலைத் தோல், பஞ்சு, அதோடு நான் தேடிக்கொண்டிருந்த என் நீலச் சேலையின் முந்தானைத் துண்டு! என்ஜின் மூச்சு விட்டால்தானே ஓடும்?

எல்லாவற்றையும் சுத்தம் செய்து, பெட்ரோல் குழாயும் ஃபில்டரும் புதிதாக மாற்றி, பூத்துப் போயிருந்த பாயிண்டைத் தேய்த்துப் போட்டார். நின்ற இடத்தில் கார் ஜோராக உறுமியது. இவர் முகத்திலும் ஒரு சிரிப்பு. ஆனால் சாலையில் ஒரு சுற்றுப் போய் வந்தால், இழுவை இன்னும் சரியாக இல்லை! கிளட்ச் வழுக்கினால் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. இங்கே சத்தமும் சேர்ந்து அமுங்குகிறது என்று மேஸ்திரி தாடையைச் சொறிந்தார்.

கார் வந்து நின்றபோது எனக்கு ஒரு கருகல் வாடை வந்தது. இஸ்திரிப் பெட்டியைத் துணி மேலேயே மறந்து வைத்துவிட்டால் வருமே, அந்த மாதிரி. முன் இடது சக்கரத்துப் பக்கம்தான் அதிகம். கை வைக்கப் பயம். உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்து, தோசைக்கல் காய்ந்ததா என்று பார்ப்போமே, அதுபோல நாலு சொட்டு தெளித்தேன். 'சுர்ர்' என்றது. மற்ற மூன்று சக்கரங்களிலும் தெளித்தேன். ஒரு சத்தமும் இல்லை.

"அம்மிணி, புடிச்சுட்டீங்க!" என்றார் மேஸ்திரி. நியூட்ரலில் போட்டு இருவர் தள்ளினார்கள். சமதரையில்கூடக் கார் நகரவில்லை. அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. பிரேக் எண்ணெயும் ஈரம் குடிக்குமாம். உள்ளே பிஸ்டன் துருப்பிடித்து இறுகிவிட்டது. ரப்பர் ஹோஸும் உட்பக்கம் ஊதிப்போய், மிதித்ததும் போன எண்ணெயைத் திரும்ப விடவில்லை. பாவம், என்ஜின் பிரேக்கை இழுத்துக்கொண்டுதான் இத்தனை நேரம் ஓடியிருக்கிறது! நாலு ஹோஸையும் எண்ணெயையும் மாற்றினோம். கூலி உட்பட எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது இவரே மெதுவாக, "என்னையும் யாராச்சும் அளந்து பார்த்தா தேவலை" என்றார். மறுநாளே டாக்டரிடம் போனோம். எக்கோ, டிரெட்மில் இரண்டும் எடுத்தார்கள். "ஹார்ட் நல்லா இருக்குங்க. நடக்காம உட்கார்ந்ததாலே உடம்பு தளர்ந்து போச்சு. தினம் கொஞ்சம் கொஞ்சமா நடங்க" என்றார் டாக்டர். இரண்டரை வருஷமாக இதயம் போச்சு என்று நாங்களே முடிவு கட்டி வைத்திருந்தோம்!

விலை பேசியவருக்கு 'இல்லை' என்று சொல்லி அனுப்பிவிட்டோம். இவர் காலையில் பத்து நிமிஷ நடையில் ஆரம்பித்தார். இப்போது முக்கால் மணி. தைப்பூசம் கழிந்து ஒரு ஞாயிறு, மருதமலை அடிவாரம் வரை அவரே ஓட்டினார். அந்த மேட்டில் கார் திணறவில்லை. நான் மட்டும் முருகா முருகா என்று கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டிலும் காரோ ஸ்கூட்டரோ சும்மா நிற்கலாம். மேஸ்திரி சொன்ன சிலவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் ஹாண்ட் பிரேக்கைப் போடாமல், சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். பக்கத்தில் தானியமோ பழந்துணியோ வைக்காதீர்கள், எலி வரும். முடிந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் வெளியே ஓட்டச் சொல்லுங்கள். மூடிய ஷெட்டுக்குள் மட்டும் என்ஜினை ஓடவிடவே கூடாது. அந்தப் புகை உயிரைக் குடித்துவிடும். பழைய பெட்ரோலை இறக்கும்போது அடுப்பு, பீடி, விளக்கு எதுவும் கிட்டத்தில் வேண்டாம்.

யாராவது "இது போச்சு" என்று சொன்னால், வண்டியானாலும் மனுஷரானாலும், "அளந்து பார்த்தீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.