மைனருக்கு எந்தப் பம்ப்?

சனி

மொறிஸ் மைனரின் பழைய எஞ்சினை இன்று இறக்கியாயிற்று. 1098 சிசி. ஒயில் குடிக்கத் தொடங்கிக் கனகாலம். அந்த இடத்துக்கு வருவது டட்சன் 1200 காரின் ஏ12, 1171 சிசி. கொள்ளளவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பழையதில் மூன்று மெயின் பெயரிங், இதில் ஐந்து. நியூசிலாந்துக்காரர் மைனருக்குள் இதைப் பூட்டி ஓடுவது பழைய கதை.

எஞ்சினைப் பற்றிக் கராச் அண்ணைக்கும் எனக்கும் பேச்சே இல்லை. பிரச்சினை பெற்றோல் பம்பில்தான்.

"கரண்ட் பம்ப்தான் இப்பத்தையான் சாமான், தம்பி. எஞ்சினில இருக்கிறதைக் கழட்டிப்போட்டு ஓட்டையை மூடுவம்."

இப்பத்தையான் சாமானாம்! மைனர் பிறக்கும்போதே எஸ்யு கரண்ட் பம்ப்போடுதான் பிறந்தது. 1970இல் வந்த ஜப்பான் எஞ்சின்தான் கேம் ஷாப்ட் தள்ளும் மெக்கானிக்கல் பம்ப்போடு வந்திருக்கிறது.

ஞாயிறு

கழற்றிய எஸ்யு பம்ப் மேசையில் கிடக்கிறது. காந்தம் டயாபிரத்தை இழுக்கும், பொயின்ற் திறக்கும், ஸ்பிரிங் திருப்பித் தள்ளும். வேலை இவ்வளவுதான். சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று அடித்து, கார்பரேற்றர் நிரம்பியதும் தானே அடங்கும். மாதக்கணக்கில் நின்ற காருக்கு இதைப்போல் வசதி வேறில்லை. 2022இல் பெற்றோல் வரிசைக் காலத்தில் அந்த அருமை தெரிந்தது. பொயின்ற் கருகினால் ஸ்பானரால் ஒரு தட்டு. 90களில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்டார்ட் பண்ண மட்டும் சின்னப் போத்தலில் பெற்றோல். அந்த நாற்றத்தையும் தாங்கிய பம்ப் இது.

ஏ12இன் பம்ப் வேறு சாதி. கேம் ஷாப்டில் ஒரு கோணல் வட்டம் சுற்ற, கை ஒன்று டயாபிரத்தைக் கீழே இழுக்கும். மேலே தள்ளுவது ஸ்பிரிங். கார்பரேற்றர் ஊசி மூடிக்கொண்டால் டயாபிரம் கீழேயே நிற்க, கை சும்மா ஆடும். அழுத்தத்தைத் தீர்மானிப்பது அந்த ஸ்பிரிங்தான்: சுமார் 3 பிஎஸ்ஐ. இந்தக் கார்பரேற்றருக்கு அது போதும். இன்ஜெக்‌ஷன் எஞ்சின் என்றால் 30, 40 பிஎஸ்ஐ வேண்டும். அங்கே கரண்ட் பம்ப் தவிர வழியில்லை, வாதத்துக்கும் இடமில்லை.

செவ்வாய்

அண்ணை இன்று சமாதானத்துக்கு வந்தார். "ரெண்டையும் வரிசையில போடுவம். ஒண்டு விட்டால் மற்றது."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மெக்கானிக்கல் பம்பின் டயாபிரம் கிழிந்தால் பெற்றோல் சம்புக்குள் இறங்கக்கூடும். தனியே இருந்தால் உறிஞ்சுவது குறைந்து எஞ்சின் இருமும். டிப் ஸ்டிக்கை மணந்தால் விஷயம் தெரியும். பின்னால் கரண்ட் பம்ப் தள்ளிக்கொண்டிருந்தாலோ, கார் ஓடிக்கொண்டே ஒயிலுக்குள் பெற்றோல் ஊற்றும். பெயரிங் ஐந்தும் போகும், தீப்பிடிக்கவும் கூடும். அண்ணை தலையைச் சொறிந்தார்.

வயர் விஷயமும் இருக்கிறது. மைனர் பொசிற்றிவ் ஏர்த். ஏ12 ஓல்ரனேற்றரோடு வருவதால் நெகற்றிவ் ஏர்த்துக்கு மாற்றவேண்டும். பழைய பொயின்ற் பம்புக்கு எந்தப் பக்கம் என்றாலும் ஒன்றுதான். டயோட் வைத்ததுக்கு அப்படியில்லை. விபத்தில் எஞ்சின் நின்றாலும் சாவி திறந்திருந்தால் கரண்ட் பம்ப் பெற்றோலை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒயில் அழுத்தம் விழுந்தால் பம்பை நிறுத்தும் சுவிச் வேண்டும். பிறகு ஸ்டார்ட் பண்ணும்போது அதைத் தாண்டிக் கரண்ட் கொடுக்க இன்னொரு வயர். எஞ்சின் நின்றால் தானும் நிற்பது மெக்கானிக்கலுக்குப் பிறவிக் குணம்.

வெள்ளி

மெக்கானிக்கலுக்கு எதிரான ஒரே நல்ல வாதம் வெயில். டாங்கி பின்னால், பம்ப் முன்னால் கொதிக்கும் எஞ்சினில். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவதால் பெற்றோல் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். சித்திரை மத்தியானம் ஏ9 வீதியில் அப்படி நின்ற கார்களைக் கண்டிருக்கிறேன். டாங்கிக்குப் பக்கத்தில் பதிவாக வைத்த கரண்ட் பம்ப் தள்ளும். அந்தத் தொல்லை குறைவு.

ஆனாலும் நான் ஓடுவது பருத்தித்துறைக்கும் சாவகச்சேரிக்கும்தான். சைலன்சருக்கு எட்ட வைத்த இரும்புக் குழாய், பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் சூடு கடத்தாத தடித்த துண்டு, புது றபர் ஓஸ்: இவை போதும். மெக்கானிக்கலே இருக்கட்டும். எஸ்யு டிக்கியில் ஸ்பெயராக வரும், குழாயில் சேராமல்.

அண்ணை டயாபிரம் கிற் வாங்கித் தருகிறேன் என்றார், முகம் இன்னும் தெளியவில்லை. திங்கட்கிழமை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம்; எஞ்சின் இலக்கம் மாறுவதால் பதிவையும் மாற்றவேண்டும்.