துணிப் பெட்டி

நம் இல்லத்தில் மூன்று தகரப் பெட்டிகள் உள்ளன. மூன்றிலும் துணி. உடுத்தும் துணியன்று, உடுத்தி ஓய்ந்த துணியும், தையற்கடையில் வெட்டி மிஞ்சிய துணியுமே. நம் துணைவியார் 25 ஆண்டுகளாகச் சேர்த்து வருபவை. அவற்றை ஒட்டி, அடுக்கி, நூலோட்டித் தைத்து விரிப்பும் போர்வையுமாக ஆக்குவார். மகப்பேறு நடந்த உறவினர் வீடுகளுக்கு அவர் கையால் தைத்த சிறு விரிப்பு செல்லாமல் இருந்ததில்லை. ஆயினும் தைப்பதைக் காட்டிலும் சேர்ப்பது விரைவாக நடந்தமையால், ஒரு பெட்டி மூன்றாகி, நம் கிதாபுகளுக்குரிய அலமாரியின் அடித்தட்டையும் கைப்பற்றிக்கொண்டது.

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, தேவைக்கு மேல் பொருளைக் குவித்து வைப்பதன் தீமை குறித்துப் பள்ளிவாசலில் பயான் செய்துவிட்டு வீடு திரும்பினோம். ஒலிபெருக்கி வழியே அம்மையார் அனைத்தையும் கேட்டிருக்கிறார். சோறு பரிமாறியபடியே, "என்னங்க, என் துணிக்கு ஸகாத் உண்டா?" என்று வினவினார். வீட்டில் புழங்கும் பொருளுக்கு ஸகாத் இல்லை, விற்பனைக்கு வைத்திருந்தால்தான் உண்டு என்றோம். "அப்ப நான் குவிக்கலையே. புழங்கத்தானே வெச்சிருக்கேன்" என்றார். லால்பேட்டையில் ஓதிவந்து பல ஆண்டுகளாகப் பிறருக்கு மஸ்அலா சொல்லிவரும் நாம், மறுமொழியின்றி உண்டு எழுந்தோம். ஆயினும் மனம் விடவில்லை. தகுந்ததை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடலாமே என்று மாலையில் மீண்டும் தொடங்கினோம். "நீங்களும் உட்காருங்க, சேர்ந்தே கழிப்போம்" என்றார்.

உட்கார்ந்த பின்னரே அது வெறுங் குவியல் அன்று என்பது விளங்கிற்று. புதிதாக வரும் எத்துண்டும் நேரே பெட்டிக்குள் போவதில்லை. ஓரத்தில் ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுவார். பருத்தியானால் காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டரானால் உருகிச் சுருண்டு மணியாக இறுகும். இரண்டையும் கலந்து தைத்தால், ஒன்று சுருங்க மற்றது சுருங்காமல் விரிப்பு முழுதும் கோணிப்போகுமாம். அடுத்து, நனைத்துக் கஞ்சியை நீக்கி நிழலில் உலர்த்துவது. கஞ்சி நின்ற துணியை இராமபாணப் பூச்சி தேடி வரும். நம் கிதாபுகளின் பசையைத் தின்னும் அதே பூச்சிதான். பிளாஸ்டிக் பைக்குள் திணித்து வைத்தால் ஐப்பசி மழையில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், பழைய வேட்டியில் பொதிந்து, உலர்ந்த வேப்பிலை இட்டு வைத்திருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடிப்பார். ஒரே மடிப்பில் கிடந்த துணி அந்த வரியிலேயே இற்றுவிடும். முதற்பெட்டி முழத்துக்கு மேற்பட்டவை, இரண்டாவது அதற்குக் குறைந்தவை. இரண்டு விரல் அகலம்கூட இல்லாதவை தலையணைக்குள் போய்விடும். மூன்றாவது பெட்டியை அன்று அவர் திறக்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

சாயம் பார்ப்பதில்தான் அம்மையார் மிகக் கண்டிப்பு. அதற்கொரு காரணம் உண்டு. முன்னொரு காலம் குறிஞ்சிப்பாடிக் கைலித் துண்டொன்றைச் சோதிக்காமல் வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைத்துவிட்டார். முதற்சலவையிலேயே நம் மகளின் விரிப்பு முழுதும் செக்கச்செவேலென்று ஆயிற்று. இத்தகைய விபத்து பெரிய இடத்திலும் நடந்ததுண்டு. 1958இல் சி. பி. கிருஷ்ணன் நாயரிடமிருந்து வாங்கப்பட்ட சென்னைக் கட்டத்துணி, அமெரிக்காவின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் சட்டைகளாக விற்பனைக்குச் சென்றது. குளிர்ந்த நீரில் பக்குவமாக அலச வேண்டும் என்ற அறிவுரை மட்டும் வாங்கியோரைச் சென்று சேரவில்லை. சாயம் ஓடிற்று, புகார் கிளம்பிற்று. பின்னர் சாயம் ஓடுவதே இத்துணியின் பெருமை என்று விளம்பரம் செய்து விற்றுவிட்டார்கள்! நம் வீட்டில் அப்படியெல்லாம் சொல்லித் தப்ப முடியவில்லை.

கந்தைக்கு இத்துணை மரியாதையா என்று நேயர்கள் எண்ணலாம். பெருமானார் (ஸல்) தம் ஆடையைத் தாமே ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொண்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருப்பதை நாம் எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறோம். வீட்டில் ஊசி எடுத்ததில்லை என்பது வேறு செய்தி. கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்கள் வாழ்கின்றனர். அவர்களுள் முஸ்லிம்களும் உண்டு, இந்துக்களும் கிறிஸ்தவர்களும் உண்டு. அம்மக்களின் பெண்கள் பழந்துணிகொண்டு ‘கவந்தி’ என்னும் போர்வை தைக்கிறார்கள். ஒரு மூலையில் தொடங்கி, ஓரமாகவே சுற்றிச் சுற்றி வந்து நடுவில் முடிப்பது அவர்கள் முறை. நான்கு மூலைகளிலும் ‘பூலா’ என்னும் பூவை, மடித்த சிறு துணியால் வைக்காவிடில் போர்வை நிறைவுபெற்றதாகக் கொள்ளமாட்டார்களாம். இதை அம்மையாரிடம் சொன்னபோது, "மூலையிலதான் முதல்ல பிரியும். அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

மூன்றாவது பெட்டியை இரண்டு மாதம் கழித்து அவரே திறந்தார். நம் மகளுக்குத் தலைப்பிரசவம் நெருங்கிய நேரம் அது. அதில் நம் தாயாரின் சேலைகள் இருந்தன. அவற்றின் அடியில் கஞ்சி முறுக்குக் கலையாத வெள்ளைத் துணியொன்று, இரண்டே கால் மீட்டர் இருக்கும். 2012இல் தாயார் வஃபாத்தானபோது கஃபனுக்கு வாங்கி, பெண்ணுக்குரிய ஐந்து துணிகளும் வெட்டிய பின் மிஞ்சியது. "இதை அடித்துணியா வெச்சு, மேலே அவங்க சேலையை ஒட்டித் தைக்கலாமா? வீட்டிலேயே வைக்கக் கூடாதுங்கிறாங்களே" என்றார்.

வைக்கக் கூடாதென்பது வெறும் பேச்சு. கஃபனில் மிஞ்சியது, கொடுத்தவர் யாரென்று தெரிந்தால் அவரையே சாரும். தெரியாவிடில் வேறோர் ஏழையின் கஃபனுக்கு ஆகும். ஊரார் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுவோம். அன்று சொல்ல நாவு எழவில்லை. ஏனெனில் அத்துணியை வாங்கியவர் நம் தம்பி. "நீங்க பணம் எடுக்காதீங்க அண்ணே, இது என்னோடது" என்று அழுதுகொண்டே கடைக்கு ஓடியவர். மூன்றாண்டுகளில் வீட்டுப் பாகம் பிரித்தபோது ஒரு சுவரின் பொருட்டு அவருக்கும் நமக்கும் பேச்சு அற்றது. பீங்கான் தொழிற்பேட்டையில்தான் அவருக்கு வேலை. வீடும் இதே விருத்தாசலத்தில். பெருநாள் தொழுகையில் கை கொடுப்போம், முகம் பாரோம். சுடாத பாண்டம் உடைந்தால் மீண்டும் களியாகக் கரைத்துவிடலாம், சூளை ஏறியபின் ஆகாது என்று சிறுவயதில் அவரே நமக்குச் சொன்னது பலமுறை நினைவுக்கு வரும்.

மூன்று நாள் கடத்தினோம். அம்மையார் துணியை மடித்து நம் எழுதுமேசைமேல் வைத்துவிட்டார். அறபியில் ‘ருக்ஆ’ என்றால் ஒட்டுத்துணி. சிறு கடிதத்துக்கும் அதுவே பெயர். நம்மூரில் ‘ருக்கா’ எழுதிக் கொடுப்பதெல்லாம் அந்தச் சொல்தான். ஆண்டுதோறும் மாணவர்களுக்கு இதைச் சுவையாக விளக்கும் நாம், நான்கு வரி ருக்கா ஒன்று எழுத ஓர் இரவு முழுதும் எடுத்துக்கொண்டோம். துணி உம்முடையது, உம் அனுமதி வேண்டும் என்பதே செய்தி. சுவரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. காலையில் மாணவர் ஒருவர் வழி கொடுத்தனுப்பினோம்.

அன்றே மஃரிபுக்குப் பின் தம்பி வந்துவிட்டார். வாசலில் நின்றபடியே ஸலாம் சொன்னார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொதி. பாகம் பிரித்த நாளில் அவர் எடுத்துச்சென்ற அத்தாவின் கைலி. பெருநாளைக்கென்று வாங்கி, உடுத்துமுன்பே அத்தா மறைந்துவிட்டதால் மடிப்புக் கலையாமல் இருந்தது. "அந்தத் துணியைத் தாராளமா எடுத்துக்கங்க. இதையும் சேர்த்துத் தைக்க முடியுமா அண்ணி?" என்றார்.

அம்மையார் உடனே விடை சொல்லவில்லை. வெள்ளைத் துண்டொன்றை நனைத்துக் கைலியின் ஓரத்தில் அழுத்தித் தேய்த்தார். துண்டில் நீலம் ஏறிற்று.

"சாயம் போகுது. மூணு நாள் உப்புத்தண்ணியில போட்டுப் பார்க்கணும். நாலாம் நாள் நீங்களே வந்து பாருங்க, அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றார்.

நாலாம் நாள் தம்பி வந்தார்.