அட்டையில் வெட்டிய இரும்பு

டிராக்டர் இழுத்தது. பம்பர் வந்தது. வண்டி வரவில்லை.

மரக்காணத்தில் உப்பு வியாபாரம் செய்யும் நண்பர் இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அதற்கடுத்த நாட்களில், கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல் என்ன ஆயிற்று என்று பார்க்க ஜீப்பில் போயிருக்கிறார். எது வரப்பு, எது பாத்தி என்று தெரியாத தண்ணீர். உப்பள உளையில் ஜீப் அச்சு வரை இறங்கிவிட்டது. டிராக்டர்காரர் கண்ணில் பட்ட இடத்தில் சங்கிலியை மாட்டினார். அப்புறம் நடந்ததுதான் முதல் வரி.

“வின்ச் வாங்கிட்டேன். இரும்பையில ஒரு மேஸ்திரி மாட்டித் தர்றார். சும்மா எழுதிக்கிட்டே இருக்கியே, வந்து பாரு” என்றார். வின்ச் என்பது சிக்கிய வண்டி ரோப்பால் தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும் கருவி. போனேன்.

இரும்பை, ஆரோவில்லை ஒட்டிய ஊர். ஞானசம்பந்தர் பாடிய மாகாளேஸ்வரர் கோயில் இங்கே இருக்கிறது. செம்மண்ணும் முந்திரியும் தாண்டிப் போனால் ஒரு தகரக் கொட்டகை. பெயர்ப்பலகை கிடையாது. வெல்டிங் செட், கிரைண்டர், டிரில். மூலையில் ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி ஒன்று சாய்ந்திருந்தது. குப்பை என்று நினைத்தேன். அன்று முழுக்க நான் பார்த்துக்கொண்டிருக்கப் போவது அதைத்தான்.

மேஸ்திரிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். இடக்கையில் மோதிர விரல் பாதிதான். ஜீப்புக்குப் புதிதாகப் போட்டிருந்த கம்பெனி பம்பரைக் கழற்றிக் கீழே வைத்தார். வெளியே பிளாஸ்டிக், உள்ளே மெல்லிய இரும்புச் சட்டம்.

“இவ்வளவு லேசா இருக்கே, அண்ணே?”

“நசுங்கறதுக்குன்னே செஞ்சது சார். இது நசுங்கினாத்தான் உள்ள இருக்கறவன் நசுங்க மாட்டான். இதப் புடிச்சி இழுத்தா வராம என்ன பண்ணும்?”

பம்பரையே தூக்கிவிட்டுக் கனமான இரும்புக் குழாய் போடலாமே என்று நண்பர் கேட்டார். மேஸ்திரி தலையாட்டவில்லை. அந்த மாதிரிக் குழாய்களை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. மோதலின் அதிர்ச்சியைக் குழாய் நேராக வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்குக் கடத்தும். ஏர்பேக் விரிய வேண்டிய கணக்கும் தப்பலாம். “வின்ச்ச பம்பர்ல மாட்டக் கூடாது சார். பம்பருக்குப் பின்னால, சேஸிஸ்ல மாட்டணும். பம்பர் வெறும் மூஞ்சி.”

அதற்குத்தான் அட்டை. வின்ச்சைத் தாங்கும் தகட்டை முதலில் அட்டையில் வெட்டுகிறார். சேஸிஸின் இரு முனைகளிலும் உள்ள போல்ட் ஓட்டைகளின் விளிம்பில் கிரீஸ் தடவினார். அட்டையை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். எடுத்தபோது வட்டம் வட்டமாகக் கறை. பிறகு மனைவியின் தையல் கத்தரியால் வெட்டினார். முதல் அட்டை ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறைத்தது. இரண்டாவது, ஏர்பேக் சென்சர் ஒயரில் உரசியது. மூன்றாவது உட்கார்ந்தது. அதற்குள் மதியம் ஆகிவிட்டது. இரும்பை இன்னும் தொடவே இல்லை.

“துணியோ தகடோ, வெட்டறதுக்கு முன்னாடிதான் யோசிக்கணும்.”

“தகட்டை வெல்டிங்கில் ஒட்டிவிடலாமே?”

“ஒட்டலாம். விட்டா ஒட்டுக்குப் பக்கத்துலதான் விடும்.” கோயில் இருந்த திசையைக் காட்டினார். கடுவெளிச் சித்தர் பாட்டுக்கு லிங்கம் வெடித்துச் சிதறியது என்பது தலபுராணம். இன்றும் அது செப்புத் தகட்டால் கட்டப்பட்டுத்தான் இருக்கிறது. “அந்த ஒட்டுக்குப் பூசை நடக்குது. என் ஒட்டு விட்டா அடிதான் நடக்கும்.”

விரல் கதையை அவராகவே சொன்னார். இளவயதில் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் விசைப்படகு வின்ச்சுகளுக்கு மராமத்து வேலை. ஒரு நாள் வலை பாறையில் சிக்க, இரும்பு ரோப்பு அறுந்து திரும்பியது. “சத்தம் கேட்டுது. வலி அப்புறந்தான் வந்துச்சி.” உப்புக் காற்றில் கம்பி ரோப்பு உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே பளபளவென்றுதான் இருக்கும். அதனால் இந்த வண்டிக்கு நைலான் மாதிரித் தெரியும் செயற்கை இழை ரோப்பு. அறுந்தாலும் கம்பி அளவுக்குச் சாட்டையாக வீசாது.

வின்ச் பெட்டியில் வந்த போல்ட்டுகளைப் பார்த்தார். தலையில் எந்த எண்ணும் இல்லை. தகர டப்பாவில் போட்டுவிட்டு, 8.8 என்று பொறித்தவற்றை எடுத்தார். முதல் எட்டு, சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை அறாது என்பது. அடுத்த எட்டு, அதில் 80 விழுக்காடு வரை நீண்டு இளகாமல் நிற்கும் என்பது. பெட்டி மேலோ 9,500 பவுண்டு, அதாவது சுமார் 4,300 கிலோ இழுக்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ரோப்பை முழுக்க அவிழ்த்து, உருளையில் கடைசி அடுக்கு மட்டும் இருக்கும்போதுதான் அந்தக் கணக்கு. நான்கு அடுக்கு சுற்றியிருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் போய்விடலாம். இது கொட்டை எழுத்தில் இல்லை.

மின் இணைப்பு வேலை எனக்குப் புரியவில்லை. முழுப் பாரத்தில் 400 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், எஞ்சினை ஓடவிட்டுத்தான் வின்ச்சைத் தொட வேண்டும் என்பதை மட்டும் குறித்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டேன்.

அங்கே உட்கார்ந்திருக்கையில் எரிச்சல் வந்தது. எங்கோ செய்த பெட்டியில் எவனோ தன் பெயரை ஒட்டுகிறான்; இன்னொருவன் படம் போட்டு விற்கிறான். பெட்டி கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் பணம் நிற்கிறது. எண் இல்லாத போல்ட்டைப் போட்டவன் லாபத்தோடு போய்விட்டான். அதைத் தூக்கிப் போட்டவருக்குப் பெட்டி விலையில் பத்தில் ஒரு பங்குகூடக் கூலி இல்லை. நாளைக்கு ஏதாவது அறுந்தால் சட்டையைப் பிடிப்பது மட்டும் இவரைத்தான்.

மாலையில் வேப்பமரத்தில் அகலமான பட்டையைச் சுற்றி, ரோப்பை மாட்டி, கை பிரேக் போட்ட வண்டியை இழுத்துப் பார்த்தார்கள். ரோப்பின் மேல் ஒரு கனமான சாக்கைப் போட்டுவிட்டு, எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். வண்டி முனகிக்கொண்டு முன்னால் நகர்ந்தது. தகடு அசையவில்லை.

உப்பு ஏற்றிப் போன உமணர்கள் வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டி வைத்திருந்ததைப் புறநானூற்றில் ஔவையார் சொல்கிறார். சேம அச்சு. மேட்டிலும் பள்ளத்திலும் வண்டி என்ன ஆகுமோ என்ற பயத்துக்கு வைத்தது. அதுவும் அடியில்தான் கிடந்தது.

பம்பரைத் திரும்ப மாட்டியதும் தகடு மறைந்தது, போல்ட் மறைந்தது. நண்பர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

“என்ன மேஸ்திரி, ஒண்ணுமே தெரியலையே. ஒரு நாள் வேலைக்கு இவ்வளவா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

பெட்டி வாங்கிய இடத்தில் அவர் பேரம் பேசவில்லை. எனக்குத் தெரியும். டீக்கடையில் வந்த கோபம் தொண்டை வரை வந்தது. அவர் வண்டியில்தான் நான் ஊர் திரும்ப வேண்டும். பேசாமல் நின்றேன்.

நண்பர் கொடுத்ததை மேஸ்திரி வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். மூன்றாவது அட்டையில் வண்டி மாடலையும் தேதியையும் எழுதி, சுவர் ஆணியில் மாட்டினார். அந்த ஆணியில் ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு அட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன.