ரேடியோ மேல் ஒரு கை

அம்மாவின் போனில் இருந்து பழைய பாட்டு கேட்டுக்கொண்டே இருக்கும். அப்பா இறந்தபிறகு பட்டுக்கோட்டை வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு பெங்களூருக்கு வந்தவள். இங்கே அவளுக்குத் தெரிந்த மனிதர்கள் கிடையாது. பாட்டு மட்டும்தான். காலையில் காய் நறுக்கும்போது தொடங்கினால், சாயங்காலம் விளக்கேற்றும் வரைக்கும் ஓடும். அவளுக்கு வலது காது கொஞ்சம் மந்தம் என்பதால் சத்தமும் அதிகம்.

எனக்கு வீட்டிலிருந்தே வேலை. ஒருநாள் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு மீட்டிங்கில் நான் பேசிக்கொண்டிருக்கும்போது, சமையலறையில் இருந்து உச்சஸ்தாயியில் ஒரு பாட்டு கிளம்பியது. அந்தப் பக்கம் இருந்தவர் சிரித்துக்கொண்டே, உங்கள் வீட்டில் விசேஷமா என்று கேட்டார். நானும் சிரித்தேன். ஆனால் முகம் சூடாகிவிட்டது.

அன்று இரவு வைஃபை ரவுட்டர் பக்கத்தைத் திறந்தேன். அம்மாவின் போனுக்கு மட்டும் ஒரு விதி எழுதினேன். காலை 9 முதல் மாலை 6 வரை இணைப்பு இருக்காது. ஐந்து நிமிட வேலை. போனிலும் டேட்டா கிடையாது, பேசுவதற்கு மட்டும்தான் ரீசார்ஜ். மறுநாள் அவள் போனைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கொண்டுவந்தாள்.

“தம்பி, இது சுத்திக்கிட்டே இருக்குடா.”

“பகல்ல நெட் கொஞ்சம் ஸ்லோம்மா. எல்லாருக்கும் அப்படித்தான்.”

“சரிப்பா” என்று போய்விட்டாள். இரண்டு வாரம் வீடு அமைதியாக இருந்தது. வேலை நன்றாக நடந்தது. ஒரு சிக்கலை யாரும் புண்படாமல் தீர்த்துவிட்டதாக எனக்கு உள்ளூரப் பெருமையும் இருந்தது.

அப்பாவின் குடும்ப ஓய்வூதியக் காகிதங்களைத் தேடி அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோதுதான் அது கிடைத்தது. நூலில் கோத்த பழுப்பேறிய தாள்கள். அம்மாவின் அப்பா பெயரில் எடுத்த ரேடியோ லைசென்ஸ். வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருக்க அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கி, வருடாவருடம் தபாலாபீசில் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டிய காலம் ஒன்று இருந்தது. ஆக அடியில் இருந்த தாளில் வருடம் 1952.

“நான் பொறக்கறதுக்கு நாலு வருஷம் முந்தி வாங்கினது” என்றாள் அம்மா. தாளைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

தாத்தா பள்ளிக்கூட வாத்தியார். சங்கீதப் பித்து உண்டு. திருச்சி நிலையத்தில் வரும் கச்சேரிக்காகவே கடன் வாங்கிப் பெட்டி வாங்கினாராம். அந்தப் பெட்டியில் திருச்சி மட்டும்தான் வைக்கலாம். சினிமாப் பாட்டு வீட்டுக்குள் வரக்கூடாது.

“அப்ப அம்மாச்சி?”

அம்மா சிரித்தாள். “அப்பா ஒம்பது மணிக்குப் பள்ளிக்கூடம் போவாரு. தெருமுனை திரும்புனதும் அம்மா சிலோனுக்குத் திருப்பிடும். நாங்கள்லாம் வளந்தது சிலோன் பாட்டுலதான். அவரு வர்றதுக்குள்ள முள்ளை மறுபடி திருச்சிக்குக் கொண்டாந்து வெச்சிடும். இடம் மாறக்கூடாதுன்னு கண்ணாடியில பென்சிலால ஒரு புள்ளி போட்டு வெச்சிருந்துச்சு.”

“தாத்தாவுக்குத் தெரியவே தெரியாதா?”

“வால்வு பெட்டிடா அது. நாள் பூரா ஓடினா கொதிக்கும். அவரு வந்து சட்டையைக் கழட்டுறதுக்கு முன்னாடி ரேடியோ மேல கைய வெப்பாரு. சூடா இருக்கும். ஒண்ணும் கேக்க மாட்டாரு. காப்பி குடுங்கன்னு சொல்லிட்டுத் திண்ணைக்குப் போயிடுவாரு.”

அந்தக் கை என் மனதை விட்டுப் போகவில்லை. 1952இல் ரேடியோ வாங்கிய ஒருவர் அந்த வருடம் என்னதான் கேட்டிருப்பார் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பார்த்தால், தாத்தா வீட்டில் நடந்தது அப்போது நாடு முழுக்கவே நடந்திருக்கிறது.

முதல் பொதுத்தேர்தல் முடிந்து புதிய அரசு அமைந்த வருடம் அது. தகவல் ஒலிபரப்பு அமைச்சரானவர் பி.வி. கேஸ்கர். பாரிஸில் முனைவர் பட்டம் பெற்றவர், துருபத் இசை பயின்றவர். சினிமாப் பாட்டு மலினமானது, மேற்கத்தியக் கலப்படம், இந்தியக் காதுகளைக் கெடுக்கிறது என்பது அவருடைய உறுதியான எண்ணம். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு மொத்த நேரத்தில் 10 சதவீதத்துக்கு மேல் கிடையாது, அதையும் சலித்துத்தான் போடவேண்டும், படத்தின் பெயரைச் சொல்வது இலவச விளம்பரம் என்பதால் பாடகர் பெயர் மட்டும் போதும் என்றெல்லாம் கட்டுப்பாடுகள் வந்தன. தயாரிப்பாளர்கள் கோபித்துக்கொண்டு ஒலிபரப்பு உரிமையைத் திரும்பப் பெற்றார்கள். சில மாதங்களுக்குள் அரசு வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய இல்லாமலே போனது.

கேஸ்கரை வில்லனாக்கிவிடுவது சுலபம். ஆனால் சங்கீதத்துக்கான தேசிய நிகழ்ச்சியை வானொலி தொடங்கியதும் இதே 1952தான். சனிக்கிழமை இரவுகளில் பெரிய வித்வான்களின் கச்சேரி நாடு முழுக்க ஒலித்தது. ரவிசங்கரை வைத்து வானொலிக்கென்று ஒரு வாத்திய விருந்தாவும் அமைந்தது. சமஸ்தானங்கள் ஒழிந்து ஆதரவு இழந்து நின்ற கலைஞர்களுக்கு வானொலி சோறு போட்டது. மக்களுக்கு நல்லதைக் கொடுக்கவேண்டும் என்றுதான் அந்த மனிதர் நினைத்தார். தாத்தாவும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

மக்கள் என்ன செய்தார்கள்? போராடவில்லை. குமிழைத் திருப்பினார்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்பில், இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்களுக்காக பிரிட்டிஷார் நிறுவிய சக்திவாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி ஒன்று இருந்தது. போர் முடிந்தபின் அது ரேடியோ சிலோனின் கைக்கு வந்தது. 1950இல் அங்கே வர்த்தக சேவை தொடங்கியது. ராணுவத்துக்காகக் கட்டிய கருவி, சோப்பு, பற்பசை விளம்பரங்களுக்கு நடுவே இந்தியா முழுக்கப் பாட்டை அள்ளி வீசியது. 1952 டிசம்பர் 3 அன்று பினாக்கா கீத்மாலா தொடங்கியது. தொகுப்பாளர் அமீன் சயானிக்கு இன்னும் இருபது வயதுகூட நிறையவில்லை. பம்பாயில் பதிவுசெய்த நாடா விமானத்தில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து காற்றில் இந்தியாவுக்கே திரும்பி வந்தது. முதல் நிகழ்ச்சிக்கு வந்த கடிதங்கள் 9,000 என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

தமிழ்நாட்டில் அதே வருடம் தீபாவளிக்கு, அக்டோபர் 17 அன்று, பராசக்தி வெளிவந்தது. சிவாஜி கணேசனுக்கு முதல் படம், கருணாநிதியின் வசனம். தடைசெய்யவேண்டும் என்று குரல்கள் எழுந்தன. படமோ ஓடிக்கொண்டே இருந்தது. நீதிமன்றக் காட்சி வசனத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் இளைஞர்கள் ஊருக்கு ஊர் கிளம்பினார்கள். அதற்கு ரேடியோகூடத் தேவைப்படவில்லை, வாய் போதும்.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த இரவில், இன்னொரு ஜன்னலில் ரவுட்டர் பக்கம் திறந்தே இருந்தது. 9 முதல் 6 வரை. நான் எழுதிய விதி. கேஸ்கராவது இதைச் செய்கிறேன், இன்ன காரணத்துக்காகச் செய்கிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். தாத்தாவும் மறைக்கவில்லை. நான் நெட் ஸ்லோ என்றேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு அம்மா வழக்கம்போல் கீழே போனாள். வெயில் காயப் போகிறாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பால்கனியில் நின்று எட்டிப் பார்த்தேன். கேட்டுக்குப் பக்கத்தில், வாட்ச்மேன் அண்ணனின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் கிருஷ்ணகிரிக்காரர். இரண்டு பேருக்கும் நடுவே ஸ்டூலில் அம்மாவின் போன், பக்கத்தில் அவருடைய போன். அவருடைய ஹாட்ஸ்பாட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் என் அம்மா ஒரு ரேடியோ சிலோனைக் கண்டுபிடித்திருந்தாள். மாதம் பதினைந்தாயிரம்கூட வாங்காத ஒரு மனிதரின் டேட்டாவில்.

சாயங்காலம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அம்மா, நெட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான்தாம்மா உன் போனுக்கு மட்டும் நிறுத்தி வெச்சேன்.”

அவள் பூத்தொடுப்பதை நிறுத்தவில்லை. “தெரியும்டா. உன் ஆபீசு ஓடுதுல்ல. எனக்கு மட்டும் எப்படி ஸ்லோவாகும்?”

“ஏன் கேக்கல?”

“நீ சொல்லலையே.” கொஞ்ச நேரம் கழித்து, “சத்தமா இருக்கும்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கொறைச்சிருப்பேன்ல” என்றாள்.

சூடான ரேடியோ மேல் கையை வைத்துவிட்டுத் திண்ணைக்குப் போன தாத்தாவின் மகள் அவள். தெரிந்துகொண்டே பேசாமல் இருப்பது எப்படி என்று அந்த வீட்டில் பார்த்து வளர்ந்தவள். தாத்தாவின் மௌனத்தில் அம்மாச்சிக்கு ஒரு இடம் கிடைத்தது. அம்மாவின் மௌனத்தில் என் மானம் தப்பியது. நான் மட்டும்தான் மௌனத்தை ஒரு பொய்யோடு சேர்த்துப் பயன்படுத்தியிருக்கிறேன்.

அன்றிரவே விதியை அழித்தேன். வாட்ச்மேன் அண்ணனின் போனுக்கு ரீசார்ஜ் செய்துவிட்டு, அவரிடம் நேரில் போய்ச் சொன்னேன். “அம்மா பாட்டு போட்டா எனக்கும் டூட்டி தெரியாம போகுது சார்” என்றார்.

1957 அக்டோபர் 3 அன்று, கேஸ்கர் அமைச்சராக இருக்கும்போதே, அகில இந்திய வானொலி விவித பாரதியைத் தொடங்கிச் சினிமாப் பாட்டுக்குக் கதவைத் திறந்தது. அதற்காக எல்லோரும் உடனே திரும்பி வந்துவிடவில்லை. கீத்மாலா 1989இல்தான் விவித பாரதிக்கு வந்தது. அம்மா மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்று சிலோன் அறிவிப்பாளர்களின் பெயர்களை இன்றைக்கும் சொந்தக்காரர்கள் மாதிரிச் சொல்கிறாள். அடைத்தபோது தேடிக் கண்டுபிடித்த இடம் அவர்களுக்கு வீடாகியிருந்தது.

இப்போது நெட் நாள் முழுக்க வருகிறது. அம்மாவும் பதினொரு மணிக்கு மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள்.

“இங்கேயே வருதேம்மா, அங்க ஏன்?”

“அந்தத் தம்பி காத்துக்கிட்டிருக்கும்டா” என்று சொல்லிவிட்டு லிப்ட் பட்டனை அழுத்துகிறாள்.