0.66 மில்லிமீட்டர்

இந்த செமஸ்டர் எலெக்டிவ்ல 'ஹ்யூமன் ஃபேக்டர்ஸ்' எடுத்ததுக்குப் பெரிய காரணம் எதுவும் இல்ல. பேப்பர் ஈஸின்னு ஒரு சீனியர் சொன்னார், அவ்வளவுதான். ஆனா முதல் யூனிட்லேயே ஒரு விமானக் கண்ணாடி கதை வந்துச்சு. அது இன்னும் மண்டையை விட்டுப் போகல.

1990 ஜூன் 10. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390, பர்மிங்காம்ல இருந்து ஸ்பெயின்ல இருக்கற மாலகாவுக்குக் கிளம்பின விமானம். சுமார் 17,000 அடி உயரத்துல கேப்டன் பக்கத்துக் கண்ணாடி பிய்ச்சுக்கிட்டுப் போச்சு. கேப்டன் பாதி உடம்பு விமானத்துக்கு வெளியே. கேபின் ஊழியர்கள் அவரைப் பிடிச்சுக்கிட்டே இருக்க, கோ-பைலட் சவுத்தாம்ப்டன்ல இறக்கினார். கேப்டன் உட்பட எல்லாரும் பிழைச்சாங்க. சினிமால வந்திருந்தா லாஜிக் இல்லன்னு சிரிச்சிருப்போம்.

காரணம் போல்ட். கிளம்பறதுக்கு 27 மணி நேரம் முன்னாடிதான் அந்தக் கண்ணாடியை மாத்தியிருந்தாங்க. மொத்தம் 90 போல்ட். அதுல 84 போல்ட்டோட விட்டம் சுமார் 0.66 மில்லிமீட்டர் கம்மி. மீதி 6 நீளம் கம்மி. நைட் ஷிஃப்ட், ஆள் பத்தல, அதனால ஷிஃப்ட் மேனேஜரே இறங்கி விடியற்காலைல வேலையை முடிச்சிருக்கார். கழட்டின பழைய போல்ட்டைக் கையில வச்சுக்கிட்டு, கண்ணால பார்த்து ஜோடி சேர்த்திருக்கார். சரியான நம்பர் எதுன்னு ஸ்டோர் கீப்பர் சொல்லியும் இருக்கார். இன்னொரு கொடுமை, அந்தப் பழைய போல்ட்டே சரியான சைஸ் இல்ல. அதோடதான் அந்த விமானம் அதுவரைக்கும் பறந்துக்கிட்டு இருந்துச்சு. அந்த வேலையை இன்னொருத்தர் செக் பண்ணணும்னு அப்போ விதியும் இல்ல.

இதை என் பெரியப்பாகிட்ட சொன்னேன். அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு சின்ன மெஷின் ஷாப்ல குவாலிட்டி பார்க்கிறார். விமானத்துல ஏறினதே இல்ல. கேப்டன் தொங்கினதைப் பத்தியெல்லாம் அவர் கேட்கல.

"கேஜ் போட்டுப் பார்க்கலையாடா?"

கோ, நோ-கோ கேஜ் தெரியாதவங்களுக்கு: ஒரு முனை உள்ள போகணும், இன்னொரு முனை போகக்கூடாது. ரெண்டு செகண்ட் வேலை. "ரெண்டு செகண்ட்தான். ஆனா லோடு வண்டி வாசல்ல ஹாரன் அடிச்சுக்கிட்டு நிக்கும்போது கேஜைக் கையில எடுக்கிறவன்தான் எல்லாருக்கும் எதிரி"ன்னார். எங்க யூனிட்ல 'பிரஷர்'னு ஒரு தலைப்புல மூணு ஸ்லைடு இருக்கு. இந்த ஒரு வரி அதுல இல்ல.

அப்புறம் அவர் கேட்டது கோரமண்டல் பத்தி. "அதுவும் மெயின்டனன்ஸ்தானே?"

2023 ஜூன் 2. நான் ப்ளஸ் டூ முடிச்சுட்டு கவுன்சிலிங்குக்காக வீட்ல உட்கார்ந்திருந்த நேரம். ஷாலிமார்ல இருந்து சென்னை சென்ட்ரலுக்கு வந்துக்கிட்டிருந்த ரயில், ஒடிசா பாலசோர் மாவட்டம் பஹனகா பஜார்ல பச்சை சிக்னல் பார்த்து வந்துச்சு. வேகம் கிட்டத்தட்ட 128 கிலோமீட்டர். நேரா போக வேண்டியது லூப் லைனுக்குள்ள திரும்பி, அங்க இரும்புத் தாது ஏத்திக்கிட்டு நின்ன கூட்ஸ் வண்டி மேல மோதுச்சு. சிதறின பெட்டிகள் பக்கத்து லைன்ல போன யஷ்வந்த்பூர்–ஹவுரா ரயில் மேலயும் இடிச்சுது. 290 பேருக்கு மேல இறந்தாங்க.

இதை விசாரிச்சவர் ரயில்வே பாதுகாப்பு ஆணையர். (அந்த ஆணையம் ரயில்வே அமைச்சகத்துக்குக் கீழ இல்ல, விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்குக் கீழ வருது. எனக்கும் இப்பதான் தெரியும்.) அவர் கண்டுபிடிச்சது: லெவல் கிராசிங் கேட் 94-ல தடுப்பை மாத்துற வேலைல சிக்னல் வயரிங் தப்பாயிருக்கு. பாயின்ட் லூப் பக்கம் இருக்கு, ஆனா சர்க்யூட் மெயின் லைன்னு நம்புது. அதனால பச்சை விழுந்துச்சு. அதுக்கும் முன்னாடி, 2018-ல சர்க்யூட்டை மாத்தினபோதே கோளாறு. எந்த வயர் எதுக்குன்னு எழுதியிருந்த லேபிள் தப்பாவே வருஷக்கணக்கா இருந்திருக்கு. கேட் 94 வேலைக்கு கேட் 79-ஓட சர்க்யூட் டயகிராமைப் பயன்படுத்தினாங்கன்னு சி.பி.ஐ. குற்றம் சாட்டியிருக்கு.

எனக்கு அந்த விண்ட்ஷீல்டுதான் ஞாபகம் வந்துச்சு. பழைய போல்ட்டை நம்பி புது போல்ட் எடுத்த மாதிரி, பழைய லேபிளை நம்பி புது வயர்.

எச்சரிக்கையும் வந்திருக்கு. அதே வருஷம் பிப்ரவரில கர்நாடகா ஹொசதுர்கா ரோட்ல சிக்னல் ஒண்ணு சொல்ல, பாயின்ட் வேற பக்கம் இருந்துச்சு. லோகோ பைலட் கவனிச்சு நிறுத்தினதால தப்பிச்சாங்க. மூத்த அதிகாரி ஒருத்தர் கடிதமே எழுதினார். 2022 மே மாசம் கரக்பூர் டிவிஷன்லயும் தப்பான வயரிங்கால ஒரு சம்பவம். அதை அப்பவே சரியா எடுத்திருந்தா பஹனகா நடந்திருக்காதுன்னு ஆணையர் எழுதியிருக்கார்.

பாலசோர்ல அவசரம்தான் காரணம்னு அந்த அறிக்கை சொல்லல. நானும் சொல்ல மாட்டேன். ஆனா ஓடுற லைன்ல வேலை செய்யறது எப்படின்னு ஆவடி லைன்ல போறவங்களுக்குக் கொஞ்சம் தெரியும். 'லைன் பிளாக், இத்தனை மின்சார ரயில் ரத்து'ன்னு அறிவிப்பு வந்ததும் நம்ம கிளாஸ் குரூப்ல என்ன ஓடும்னு சொல்லத் தேவையில்ல. சிக்னல் டெக்னீஷியன் வேலைக்கு முன்னாடி ஸ்டேஷன் மாஸ்டருக்கு டிஸ்கனெக்‌ஷன் மெமோ கொடுக்கணும். வேலை முடிஞ்சு, டெஸ்ட் பண்ணி, ரீகனெக்‌ஷன் மெமோல கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்காக ஒரு ஸ்டேஷனே காத்துக்கிட்டு இருக்கும். ஏர்போர்ட்லயும் லைசென்ஸ் இருக்கிற இன்ஜினியர் கையெழுத்துப் போட்டாத்தான் விமானம் கிளம்பும். கேட்ல பயணிகள் வாட்ச் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. நம்ம கிளாஸ்ல பாதிப் பேர் இன்னும் ஒரு வருஷத்துல இப்படி ஏதோ ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போடப் போறோம்.

ஆணையரோட பரிந்துரைகள்ல ஒண்ணு ரொம்பச் சாதாரணமா இருக்கும்: வயரிங் வரைபடங்களையும் சர்க்யூட்ல இருக்கற எழுத்துகளையும் இடத்துல நிஜமா இருக்கற மாதிரி திருத்துங்கன்னு. இவ்வளவு பெரிய விபத்துக்கு இதுதானான்னு நான் பெரியப்பாகிட்ட கேட்டேன்.

"எங்க கடையில ரேக் லேபிளை எல்லாம் மாத்தணும்னு நாலு மாசமா கேட்கிறேன். ஒரு நாள் மெஷினை நிறுத்தணும். ஆர்டர் இருக்கு, அடுத்த மாசம் பார்க்கலாம்ங்கிறாங்க"ன்னார்.

சொல்லிட்டு நைட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிட்டார்.