கறி என்ற சொல்
பெர்லினுக்கு வந்து பதினோரு நாட்கள். யாரோடும் முழுசாகப் பேசியிருக்கவில்லை. நவம்பர் மாதம், நாலரைக்கே இருட்டிவிட்டது. ரயில் பாலத்தடியில் ஒரு கடை. பலகையில் எனக்குப் பிடிபட்ட ஒரே சொல், கறி.

"கறி" என்றேன். கடைக்காரப் பெண்மணி "மிட் டார்ம்? ஓனே டார்ம்?" என்றாள். தோலோடா, தோல் இல்லாமலா என்று கேட்டிருக்கிறாள், பிற்பாடுதான் தெரிந்தது. மறுபடியும் "கறி" என்றேன். "கெரி" என்று திருத்தினாள். வீட்டில் வாழைக்காய்க்கும் ஆட்டுக்கும் பொதுவாக இருந்த சொல்லை உச்சரிக்க எனக்குப் பாடம்.

காகிதத் தட்டில் வந்தது: துண்டு போட்ட பன்றி சாஸேஜ், மேலே சூடான தக்காளி ஸாஸ், அதன்மேல் மஞ்சளாக ஒரு தூவல். நின்றபடி தின்றேன். தித்திப்பு, கொஞ்சம் புளிப்பு. காரமில்லை, தாளிப்பில்லை, கறிவேப்பிலையில்லை. இதுவா கறி? இரவல், அதுவும் அரைகுறை இரவல். தீர்ப்பு சொல்லிவிட்டுப் பாதித் தட்டை எறிந்தேன்.

நடக்கும்போது அந்தத் தொனி எங்கோ கேட்டதாகப் பட்டது. 1959இல் தொடங்கிய 'எழுத்து'வில் புதுக்கவிதை வந்தபோது பண்டிதர்கள் சொன்னதும் இதுதானே. மேற்கின் இரவல், எதுகையில்லை, மோனையில்லை, யாப்பில்லை. இல்லாதவற்றின் பட்டியல் போட்டு ஒன்றை நிராகரிப்பது சுலபம். அதற்கு ருசி பார்க்க வேண்டிய அவசியம்கூடக் கிடையாது.

பிறகு ஒருநாள் காண்ட் தெருவில் ஒரு நினைவுப் பலகையைப் பார்த்தேன். ஹெர்தா ஹாய்வர் என்ற பெண், 1949 செப்டம்பர் 4இல், தன் தெருக்கடையில் இந்தப் பண்டத்தை முதலில் செய்தாராம். ஹாம்பர்க்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை; ஊவே டிம் 1993இல் எழுதிய குறுநாவலில் அது ஹாம்பர்க்கில் பிறக்கிறது. எங்கே பிறந்தால் என்ன? பெர்லின் முற்றுகை நீங்கி நாலு மாதம்கூட ஆகாத சமயம். இடிந்த ஊர். கறிப்பொடியோ ஆங்கிலேயன் கலந்து டப்பாவில் அடைத்தது, அதுவே இரவல். நம் கறியை நகல் செய்ய அந்தப் பெண் உட்காரவில்லை. கைக்குக் கிடைத்ததை வைத்து, எதிரே நின்ற பசிக்குச் செய்தார்.

மறுபடி அந்தப் பாலத்தடிக்குப் போனேன். "கெரி" என்றே கேட்டேன். தோலோடா என்றாள். பதில் சொன்னேன். ருசி மாறிவிடவில்லை, எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவுமில்லை. ஆனால் முழுத் தட்டையும் தின்றேன். அந்த ஊரில் நான் முடித்த முதல் சம்பாஷணை அது.